நன்றாக ஓடுகிற விந்தணு ஏன் முட்டைக்குள் நுழையவில்லை?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவரின் விந்துப் பரிசோதனை அறிக்கையில் எண்ணிக்கை, இயக்கம், வடிவம் மூன்றும் இயல்பு என்று வந்திருக்கிறது. இரண்டு முறை ஐ.யு.ஐ. (விந்தணுக்களைக் கருப்பைக்குள் நேராகச் செலுத்தும் முறை) செய்தும் கரு தங்கவில்லை. அடுத்து ஐ.வி.எஃப். செய்தார்கள். முட்டைகளையும் விந்தணுக்களையும் ஒரே தட்டில் இரவு முழுக்க வைத்திருந்தும், எடுத்த ஒன்பது முட்டைகளில் ஒன்றுகூடக் கருவுறவில்லை. “நன்றாக ஓடுகிறது என்கிறார்களே, பிறகு ஏன் உள்ளே போகவில்லை? விந்தணுவை நடத்துவது எது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நுண்ணோக்கியில் தெரிகிற ஓட்டத்துக்கும் கருவுறச் செய்யும் ஆற்றலுக்கும் உள்ள உறவு என்ன என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. அறிக்கையில் இருக்கும் இயக்கம் என்ற எண், நீண்ட ஒரு வேலையின் முதல் கட்டத்தை மட்டும் அளக்கிறது. மீதிக் கட்டங்கள் வழக்கமான பரிசோதனையில் தெரிவதே இல்லை.

நான் மருத்துவர் அல்ல. விந்தணுக்களைக் கழுவிப் பிரிப்பது, முட்டைகளோடு சேர்ப்பது, மறுநாள் காலையில் கருவுற்றதா என்று பார்ப்பது ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் கருவியல் ஆய்வகப் பணியாளர். ஆகவே விந்தணு எப்படி வேலை செய்கிறது என்பதை விரிவாகவே சொல்ல முடியும். உங்களுக்கு அடுத்து என்ன சிகிச்சை என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மனித விந்தணு நுனி முதல் வால் முடிவு வரை ஏறக்குறைய 50 முதல் 60 மைக்ரோமீட்டர் நீளம். அதன் தலையில் டி.என்.ஏ. மிக இறுக்கமாகச் சுருட்டி அடைக்கப்பட்டிருக்கிறது. அந்த இறுக்கத்தில் மரபணுக்களைப் படித்துப் புதிய புரதங்களைச் செய்வது ஏறக்குறைய நின்றுபோகிறது. நம் உடலின் மற்ற செல்கள் சூழ்நிலை மாறும்போது தேவையான புரதத்தைப் புதிதாகத் தயாரித்துக்கொள்ளும். விந்தணுவுக்கு அந்த வசதி இல்லை. விரையை விட்டுக் கிளம்பும்போது கையில் இருக்கும் புரதங்களை வைத்துத்தான் கடைசிவரை சமாளிக்க வேண்டும். எனவே அதன் நடத்தையில் வரும் ஒவ்வொரு மாற்றமும் வெளியிலிருந்து வரும் வேதிச் செய்தியால், இருக்கும் புரதங்களை முடுக்கியோ அடக்கியோ நிகழ்கிறது. செல் சமிக்ஞை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். விந்தணு தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது, வலுவானது முந்துகிறது என்ற பந்தயக் கதை பள்ளிப் பாடத்திலிருந்து நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. அந்தக் கதையை வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

விரையில் உருவாகும் விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. எபிடிடைமிஸ் என்ற சுருள் குழாயை நீட்டிப் பிடித்தால் சுமார் 6 மீட்டர் வரும். அதற்குள் பல நாட்கள் நகர்ந்து வரும்போதுதான் நீந்தும் தகுதி வருகிறது. தகுதி வந்த பிறகும் அங்கே அது அடங்கியே கிடக்கிறது. அந்தத் திரவத்தில் அமிலத்தன்மை சற்று அதிகம், பைகார்பனேட் குறைவு. விந்து வெளியேறும் நொடியில் மற்றச் சுரப்பிகளின் திரவங்கள் கலந்து பைகார்பனேட் திடீரென்று உயர்கிறது. சமையல் சோடாவில் இருக்கும் அதே பைகார்பனேட் அயனிதான் விந்தணுவைத் தட்டி எழுப்புகிறது. அது உள்ளே நுழைந்து, கரையும் அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியை நேரடியாகத் தூண்டுகிறது. அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூற்றைப் பெருக்குகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. புரத கைனேஸ் ஏ என்ற இன்னொரு நொதியை முடுக்க, அது வாலின் புரதங்களில் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. வாலின் நடு அச்சில் உள்ள டைனீன் என்னும் இயக்கப் புரதங்கள் வேகம் பிடிக்கின்றன. பைகார்பனேட் பட்ட ஒரு நிமிடத்துக்குள்ளேயே வால் அடிக்கும் வேகம் கூடிவிடுகிறது.

இந்தப் பகுதியில் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்த நொதியின் மரபணுவை நீக்கிய ஆண் எலிகளின் விந்தணுக்கள் முன்னோக்கி நீந்துவதில்லை. அந்த எலிகள் மலடு. 2023-இல் நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜோகன் பக், லோனி லெவின் குழுவினர் இதே நொதியைத் தற்காலிகமாக அடக்கும் ஒரு சேர்மத்தை ஆண் எலிகளுக்குக் கொடுத்தார்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் நடந்த இணைசேர்தலில் கருத்தரிப்பே இல்லை. மறுநாளைக்குள் எலிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. ஆண்கள் தேவைப்படும்போது மட்டும் சாப்பிடும் கருத்தடை மாத்திரை என்ற எதிர்பார்ப்பு இந்த ஆய்விலிருந்து வலுப்பெற்றது. மனிதர்களுக்கு அது பொருந்துமா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

ஆய்வகத்தில் இந்த வேதியியலை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். அறுவை மூலம் விரையிலிருந்து எடுத்த விந்தணுக்கள் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். எது உயிருள்ளது, எது இறந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் துளியில் தியோபிலின் என்ற பொருள் கலந்த ஊடகத்தை, அதாவது செல்களை வைக்கும் திரவத்தை, சிறிது விட்டுக் காத்திருப்போம். தியோபிலின் சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. சிதைவு நின்றதும் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறுகிறது. சில நிமிடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வால் நுனிகள் துடிக்கத் தொடங்கும். நகரும் அளவுக்கு இல்லை, வெறும் துடிப்புதான். ஆனால் அது உயிருள்ளது என்று தெரிந்துவிடும். அதைத்தான் ஊசியில் எடுப்போம். இன்குபேட்டரில் 5, 6 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வைத்திருப்பதும் இதே வேதியியலுக்காகத்தான். ஊடகத்தில் கலந்திருக்கும் பைகார்பனேட்டுக்கு அந்த வாயு ஈடு கொடுக்காவிட்டால் கார-அமில நிலை தவறிவிடும்.

உங்கள் கணவரின் அறிக்கை அளந்தது இதுவரைதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி, மொத்த இயக்கத்துக்குக் கீழ்வரம்பு 42 சதவீதம், முன்னோக்கிய இயக்கத்துக்கு 30 சதவீதம், எண்ணிக்கைக்கு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் அளவுகளைத் தொகுத்து, அவர்களில் மிகக் குறைந்த 5 சதவீதத்தினர் நிற்கும் இடத்தில் இட்ட கோடு அது. அதற்கு மேலே இருந்தால் கருவுறும் என்ற உத்தரவாதம் எதையும் அந்தக் கையேடு தரவில்லை. அறிக்கையைக் கையில் கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

அப்போதுதான் வெளிவந்த விந்தணு, எவ்வளவு வேகமாக ஓடினாலும், முட்டையைக் கருவுறச் செய்யாது. இது 1951-இல் தெரியவந்தது. அமெரிக்காவில் எம்.சி. சாங் முயல்களிலும், ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் எலிகளிலும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். விந்தணு பெண் உடலுக்குள் சில மணி நேரம் இருந்தாக வேண்டும்; அதற்குப் பிறகே அதற்குக் கருவுறச் செய்யும் திறன் வருகிறது. இதைத் திறனேற்றம் என்று சொல்லலாம். இந்த நேரத்தில் விந்தணுவின் வெளிச்சவ்விலிருந்து கொலஸ்டிரால் வெளியேறுகிறது. ஆல்புமின் போன்ற புரதங்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. சவ்வு இளகுகிறது, அயனிகளின் போக்குவரத்து மாறுகிறது, உள்ளே அமிலத்தன்மை குறைகிறது, ஏராளமான புரதங்களில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது பாஸ்பேட் ஏறுகிறது. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தில் எஸ். சிவாஜியின் குழு வெள்ளெலி விந்தணுக்களை வைத்து இந்தக் கடைசி மாற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. ஆற்றல் உற்பத்தியில் பங்குபெறும் ஒரு நொதியும் இப்படி மாற்றம் பெறுகிறது என்று 2004-இல் காட்டினார்கள்.

ஐ.வி.எஃப். சாத்தியமானதும் இந்த அறிவால்தான். ராபர்ட் எட்வர்ட்ஸ், பாரி பேவிஸ்டர், பேட்ரிக் ஸ்டெப்டோ மூவரும் 1969-இல் மனித முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்ததை அறிவித்தார்கள். வெள்ளெலி விந்தணுக்களுக்காகப் பேவிஸ்டர் உருவாக்கியிருந்த ஊடகம்தான் அதற்கு அடிப்படை. இன்றும் நாங்கள் விந்தணுக்களை விந்துத் திரவத்திலிருந்து பிரித்து, பைகார்பனேட்டும் ஆல்புமினும் கால்சியமும் உள்ள ஊடகத்தில் 37 டிகிரியில் வைப்பது, பெண் உடலுக்குள் நடக்கும் அந்தத் திறனேற்றத்தைத் தட்டில் நடத்துவதற்காகத்தான். கழுவுவது என்ற சொல்லைக் கேட்டுப் பலர் அழுக்கு நீக்குவதாக நினைத்துக்கொள்கிறார்கள். விந்துத் திரவத்தில் திறனேற்றத்தைத் தடுத்து வைக்கும் பொருட்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுப் பிரிந்தால்தான் விந்தணு அடுத்த நிலைக்குப் போகும்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான கட்டம் அடுத்து வருகிறது. திறனேறிய விந்தணு ஒரு கட்டத்தில் நீந்தும் விதத்தையே மாற்றுகிறது. அதற்கு முன் வால் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக அடிப்பதால் விந்தணு நேராகப் போகும். மாற்றம் வந்ததும் வால் ஒரு பக்கமாக ஆழ வளைந்து பலமாக அடிக்கத் தொடங்கும். தலை இங்கும் அங்கும் வீசப்படும். தூண்டிலில் மாட்டிய விரால் துள்ளுவதைப் பார்த்திருந்தால், அந்த உதறல்தான் இது. கண்ணாடித் தட்டில் பார்க்கும்போது எங்கும் போகாமல் ஒரே இடத்தில் எட்டுப் போட்டுக்கொண்டிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் இதைக் கெட்டுப்போன விந்தணு என்று எண்ணுவதுண்டு. ஆனால் கெட்டியான திரவத்தில் இந்த உதறல்தான் அதை முன்னே தள்ளுகிறது. கருக்குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் விந்தணு பிய்த்துக்கொண்டு கிளம்பவும், முட்டையைச் சுற்றியுள்ள சோனா என்ற தடித்த உறையைத் துளைக்கவும் இந்த மிகை இயக்கம் தேவை. 1960-களின் இறுதியில் வெள்ளெலி விந்தணுக்களில் இதை முதலில் விவரித்தவர் ரியூசோ யானாகிமாச்சி.

இதை இயக்கும் விசை எது என்பது 2001 வரை தெரியவில்லை. அந்த ஆண்டு ஹார்வர்டில் டேவிட் கிளாபமின் ஆய்வகத்தில் தேஜியான் ரென் முதலானோர் கேட்ஸ்பெர் என்ற அயனிக் கால்வாயைக் கண்டுபிடித்தார்கள். விந்தணுவின் வாலில் மட்டும் அமைந்த, கால்சியத்தை உள்ளே விடும் புரத வழி அது. பின்னர் 2014-இல், இந்தக் கால்வாய்கள் வாலின் நீளவாக்கில் நான்கு வரிசைகளாக அடுக்கப்பட்டிருப்பதும் தெரியவந்தது. கேட்ஸ்பெர் இல்லாத ஆண் எலிகள் இணைசேர்கின்றன, விந்தணுக்களும் இருக்கின்றன, அவை நீந்தவும் செய்கின்றன. குட்டி மட்டும் பிறப்பதில்லை. அந்த ஆய்வில் என்னை இன்றும் வியக்கவைப்பது ஒரு சிறு சோதனை. அந்த எலிகளின் விந்தணுக்களை முழு முட்டைகளோடு வைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. முட்டைகளின் சோனா உறையை நீக்கிவிட்டு வைத்தபோது கருவுற்றன. அதாவது விந்தணுவின் மற்ற எல்லா உறுப்புகளும் சரியாக இருந்தன. உறையைத் துளைக்கும் உதறல் ஒன்று மட்டும் இல்லை.

கால்வாயைத் திறப்பது எது? உள்ளே அமிலத்தன்மை குறைவது ஒரு தூண்டுதல். மனித விந்தணுவின் வாலில் புரோட்டான்களை வெளியே விடும் ஒரு கால்வாய் இருப்பதை 2010-இல் போலினா லிஷ்கோவும் யூரி கிரிசோக்கும் காட்டினார்கள். துத்தநாகம் அதை அடைக்கும். விந்துத் திரவத்தில் புராஸ்டேட் சுரக்கும் துத்தநாகம் நிறைய இருக்கிறது. விந்தணு அதை விட்டு விலகியதும் அடைப்பு நீங்குகிறது. இரண்டாவது தூண்டுதல் புரோஜெஸ்டிரோன். முட்டை வெளிவந்த பிறகு அதைச் சூழ்ந்திருக்கும் கியூமுலஸ் செல்கள் இந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மனித விந்தணுவைத் தொட்ட சில நொடிகளிலேயே கேட்ஸ்பெர் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. லிஷ்கோ, கிரிசோக் குழுவும் ஜெர்மனியில் டிமோ ஸ்ட்ரூங்கர், பெஞ்சமின் காவ்ப் குழுவும் 2011-இல் இதை ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள். சாதாரணமாக இந்த ஹார்மோன் செல்லின் உட்கருவரை போய் மரபணுக்களை இயக்கும், அதற்கு மணிக்கணக்காகும். விந்தணுவில் மரபணுக்கள் உறங்குகின்றன, எனவே செய்தி சவ்விலேயே வாங்கப்படுகிறது. புரோஜெஸ்டிரோன் கேட்ஸ்பெரைத் திறக்கிறது என்பது உறுதி. இடையில் நின்று அதை வாங்கிக் கொடுக்கும் புரதம் ஏ.பி.எச்.டி.2 என்று 2016-இல் வெளியான முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. எலியின் கேட்ஸ்பெர் புரோஜெஸ்டிரோனுக்கு இப்படித் திறப்பதில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குச் சொல்லும் இணையக் கட்டுரைகளை இந்த ஒரு காரணத்துக்காகவே எச்சரிக்கையோடு படியுங்கள்.

முட்டை விந்தணுவைக் கூப்பிடுகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். கடல் முள்ளெலிகளில் (முள் உருண்டை போன்ற கடல் உயிரிகள்) சந்தேகமே இல்லாமல் கூப்பிடுகிறது. அட்லாண்டிக் கரையோரம் வாழும் அர்பேசியா என்ற இனத்தின் முட்டை, 14 அமினோ அமிலங்கள் கொண்ட ரெசாக்ட் என்ற சிறு பெப்டைடைக் கடல்நீரில் விடுகிறது. விந்தணுவின் ஏற்பியில் அது ஒட்டியதும் சைக்ளிக் ஜி.எம்.பி. உருவாகிறது. பொட்டாசியக் கால்வாய் திறக்கிறது, சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, உள்ளே அமிலம் குறைகிறது, கேட்ஸ்பெர் திறக்கிறது, கால்சியம் ஏறியதும் வால் வளைந்து விந்தணு திரும்புகிறது. ஒரே ஒரு ரெசாக்ட் மூலக்கூறு போதும், விந்தணுவில் பதில் எழுகிறது என்று காவ்பின் குழு காட்டியிருக்கிறது. திறந்த கடலில் முட்டையைத் தேட வேண்டிய உயிருக்கு இந்த நுட்பம் வேண்டியதுதான்.

மனிதரில் நிலைமை வேறு. கருக்குழாய் குறுகியது, திரவ ஓட்டம், சளி, குழாய்ச் சுவரின் அசைவு எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. முட்டை காத்திருக்கும் இடத்தை ஒரு நேரத்தில் சில நூறு விந்தணுக்களே எட்டுகின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் ஐசன்பாக் 1991 முதல் காட்டிவருவது, முட்டை வளர்ந்த பையின் திரவத்தை நோக்கி மனித விந்தணுக்களில் ஒரு சிறு பங்கு திரும்புகிறது என்பது. திரும்புபவை திறனேறியவை மட்டுமே. மிகக் குறைந்த அளவு புரோஜெஸ்டிரோனே அந்தக் கவர்ச்சிப் பொருளாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. கண்ணாடித் தகட்டில் இது நடக்கிறது என்பதை ஏற்கலாம். பெண் உடலுக்குள் இது எவ்வளவு முக்கியம் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. விந்தணு ஓட்டத்துக்கு எதிராக நீந்துவதும் உண்மை. 2013-இல் கியோஷி மிகியும் கிளாபமும் எலியிலும் மனிதரிலும் அதைக் காட்டினார்கள். அது சமிக்ஞையால் வருகிறதா, விந்தணுவின் வடிவத்தாலும் திரவ இயக்கத்தாலும் தானாக நடக்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். விந்தணுவுக்கு மூக்கு இருக்கிறது, பூவாசனையைத் தேடிப் போகிறது என்ற செய்தியையும் நீங்கள் படித்திருக்கக்கூடும். 2003-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பூமணம் கொண்ட போர்ஜியோனால் என்ற பொருளுக்கு விந்தணு திரும்புவதாக வெளியிட்டதிலிருந்து அது பரவியது. அந்தப் பொருள் வாசனை ஏற்பி வழியாக வேலை செய்யவில்லை, நேராகக் கேட்ஸ்பெரைத் திறக்கிறது என்று 2012-இல் ஸ்ட்ரூங்கர் குழு காட்டியது. நான் இரண்டாவது விளக்கத்தையே நம்புகிறேன்.

முட்டையை அடைந்த பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விந்தணுத் தலையின் முன்பகுதியில் அக்ரோசோம் என்ற பை இருக்கிறது. கால்சியம் ஏறியதும் அது உடைந்து உள்ளிருப்பதை வெளிவிடுகிறது. சோனா உறையைத் தொட்ட பிறகுதான் அது உடையும் என்று நீண்ட காலம் கற்பித்தார்கள். 2011-இல் ஒளிரும் எலி விந்தணுக்களைப் படம் பிடித்தபோது, கருவுறச் செய்த விந்தணுக்களில் பெரும்பாலானவற்றில் உறையை அடையும் முன்பே அது உடைந்திருந்தது. பழைய பாடநூல்கள் இந்த இடத்தில் மாறியாக வேண்டும். உறையைத் தாண்டிய விந்தணுவின் மேற்பரப்பில் இசுமோ என்ற புரதம் வெளிப்பட்டு நிற்கும். 2005-இல் ஜப்பானில் மசாரு ஒகாபேயின் குழு கண்டுபிடித்தது அது. முட்டையின் மேற்பரப்பில் அதைப் பற்றும் ஜூனோவை 2014-இல் பிரிட்டனின் சாங்கர் நிறுவனத்தில் என்ரிகா பியாங்கியும் கேவின் ரைட்டும் கண்டார்கள். இரண்டில் எது இல்லாவிட்டாலும் எலிகளில் இணைவு நடப்பதில்லை.

இணைந்தாலும் வேலை முடியவில்லை. முட்டை அதுவரை பாதி முடிந்த செல் பிரிவில் நின்றுகொண்டிருக்கிறது. விந்தணு தன்னோடு பி.எல்.சி. ஸீட்டா என்ற நொதியை உள்ளே கொண்டுவருகிறது. 2002-இல் கார்டிஃபில் டோனி லாய், கார்ல் ஸ்வான் குழு இதை அடையாளம் கண்டது. அந்த நொதி முட்டைக்குள் கால்சிய அளவை அலை அலையாக, மணிக்கணக்கில் ஏற்றி இறக்குகிறது. அந்த அலைகளால்தான் முட்டை விழிக்கிறது, நின்றிருந்த பிரிவை முடிக்கிறது, இரண்டாவது விந்தணு நுழையாதபடி உறையைக் கடினமாக்குகிறது. நாங்கள் 16 முதல் 18 மணி நேரம் கழித்துத் தேடும் இரண்டு முன்கருக்கள் (விந்தணுவிலிருந்து ஒன்று, முட்டையிலிருந்து ஒன்று என உருவாகும் உட்கருக்கள்), இவை எல்லாம் ஒழுங்காக நடந்ததற்கு அடையாளம்.

இனி உங்கள் ஒன்பது முட்டைகளுக்கு வருகிறேன். நான் உங்கள் ஆய்வகத்தின் குறிப்பேட்டைப் பார்க்கவில்லை. ஆகவே என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்பதைத்தான் சொல்ல முடியும். முதலில், முட்டைகள் முதிர்ந்தவையா என்று கேளுங்கள். முதிராத முட்டை எந்த விந்தணுவாலும் கருவுறாது. எடுத்த எண்ணிக்கையும் முதிர்ந்த எண்ணிக்கையும் ஒன்றல்ல. முதிர்ந்திருந்தால் அடுத்த கேள்வி: மறுநாள் காலையில் சோனா உறையில் விந்தணுக்கள் ஒட்டியிருந்தனவா? ஒன்றுகூட ஒட்டவில்லை என்றால் பிணைப்பிலேயே தடை; விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்பொருட்கள் இருப்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். நிறைய ஒட்டியும் உள்ளே போகவில்லை என்றால் துளைக்கும் ஆற்றலில், அதாவது மிகை இயக்கத்தில் அல்லது அக்ரோசோமில், சந்தேகம் விழும். நல்ல ஆய்வகம் இதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும். கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்காக யாரும் கோபப்பட வேண்டியதில்லை.

கேட்ஸ்பெர் குறைபாடு மனிதரிலும் உண்டு. கேட்ஸ்பெர் மரபணுக்களில் பிழையுள்ள மலட்டு ஆண்களைக் குடும்ப ஆய்வுகளில் 2009-இலேயே கண்டார்கள். 15-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இழந்துபோனால் கேட்ஸ்பெர் மரபணு ஒன்றும், பக்கத்தில் இருக்கும் செவித்திறனுக்கான மரபணுவும் சேர்ந்து போய், காது கேளாமையும் மலட்டுத்தன்மையும் ஒன்றாக வருவதுண்டு. உங்கள் கணவருக்கோ அவருடைய சகோதரர்களுக்கோ சிறு வயதிலிருந்து செவிக் குறை இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் ஸ்ட்ரூங்கர் முதலானோர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. கேட்ஸ்பெர் வேலை செய்யாத ஆண்களின் விந்து அறிக்கை முற்றிலும் இயல்பாகவே இருக்கலாம். இயற்கைக் கருத்தரிப்பு, ஐ.யு.ஐ., சாதாரண ஐ.வி.எஃப். மூன்றும் தோற்கும், விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் வைக்கும் இக்சி முறையில் கருவுறும். மலடு என்று வரும் ஆண்களில் மிகச் சிலருக்கே இந்தக் குறை இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதற்கான சோதனை இங்கே வழக்கமான மையங்களில் கிடைப்பதில்லை. விவரம் பொருந்துகிறது என்பதற்காக உங்கள் கணவருக்கு இதுதான் என்று நானோ நீங்களோ முடிவு கட்டக் கூடாது.

நல்ல வேளையாக, காரணம் முழுதாகத் தெரியாவிட்டாலும் அடுத்த படி ஏறக்குறைய ஒன்றேதான். 1992-இல் பிரஸ்ஸல்ஸில் ஜான்பியெரோ பலெர்மோ முதலானோர் அறிவித்த இக்சி முறையில், ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். திறனேற்றம், மிகை இயக்கம், சோனா உறை, இசுமோவும் ஜூனோவும் பற்றிக்கொள்வது என்று நான் இதுவரை எழுதிய கட்டங்களில் பெரும்பாலானவை அங்கே தேவைப்படுவதில்லை. மிஞ்சுவது முட்டையை எழுப்பும் கடைசிக் கட்டம் மட்டும். முதல் ஐ.வி.எஃப்.பில் ஒன்றுமே கருவுறாத தம்பதியருக்கு அடுத்த முறை இக்சி செய்வதே பொது நடைமுறை. அவர்களில் பலருக்கு அது பலன் தருகிறது. அதிலும் கருவுறவில்லை என்றால் பி.எல்.சி. ஸீட்டா குறைபாட்டைப் பற்றி யோசிப்பார்கள். அப்போது கால்சிய அயனோபோர் என்ற பொருளில் முட்டைகளைச் சில நிமிடங்கள் வைத்துச் செயற்கையாகக் கால்சியத்தை ஏற்றும் முறை ஒன்று உண்டு. குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். ஆனால் நீண்ட காலப் பாதுகாப்பு பற்றிய தரவு இன்னும் குறைவு என்பதால், காரணம் தெளிவாக இருப்பவர்களுக்கு மட்டும் செய்வதே சரி என்று நினைக்கிறேன்.

கடைசியாக, மூன்று மாதம் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டுவிட்டு மறுபடி ஐ.வி.எஃப். முயலலாமா என்று கேட்டிருந்தீர்கள். மரபணுப் பிழையால் இல்லாமல் போன கால்வாயை எந்த மாத்திரையும் கொண்டுவராது. எண்ணிக்கையும் இயக்கமும் ஏற்கெனவே இயல்பாக இருப்பவருக்கு அந்த எண்களை இன்னும் உயர்த்துவதால், ஒன்றுமே கருவுறாமல் போனதற்குத் தீர்வு வரும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். டி.என்.ஏ. உடைவுச் சோதனையும் இந்தக் கேள்விக்குப் பதில் தராது. அந்த உடைவு பெரும்பாலும் கரு வளரும் பிந்தைய நாட்களில்தான் தன்னைக் காட்டும். உங்களுக்குத் தடை அதற்கு முன்பே வந்திருக்கிறது. அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் குறிப்பேட்டின் நகலை வாங்குங்கள். எத்தனை முட்டைகள் முதிர்ந்திருந்தன, உறையில் விந்தணு ஒட்டியிருந்ததா, கழுவிய பிறகு இயக்கம் எவ்வளவு இருந்தது என்ற மூன்றையும் இங்கே எழுதினால், நீங்கள் மருத்துவரிடம் வைக்க வேண்டிய கேள்விகளை இன்னும் குறிப்பாக எழுதித் தருகிறேன்.